ஊர் சிரித்த மானேஜர்

1930-ம் ஆண்டு ஏப்ரல் மாதம் 26-ந் தேதி. லண்டன் நகரின் வெம்பிளி மைதானத்தில் 90 ஆயிரம் பேருக்கு மேல் கூடியிருந்தார்கள். இங்கிலாந்தின் புகழ் பெற்ற கால்பந்துக் கோப்பைக்கு அன்று இறுதி ஆட்டம். மன்னர் ஐந்தாம் ஜார்ஜும் வந்திருந்தார்.

மோதும் குழுக்கள் இரண்டு. ஒன்று ஆர்சனல். மற்றொன்று ஹட்டர்ஸ்பீல்டு.

இரு குழுக்களும் மைதானத்துக்குள் வந்தபோது கூட்டம் வியப்புடன் பார்த்தது. அதுவரை ஒரு குழு முதலில் வரும். பிறகு மற்றக் குழு வரும். அன்றோ இரு குழுவினரும் ஜோடி ஜோடியாக, பக்கத்தில் பக்கத்தில் நடந்து வந்தார்கள்.

ஒரு மனிதருக்குச் செய்த மரியாதை அது. ஹட்டர்ஸ்பீல்டைப் பெரிய குழுவாக ஆக்கியவர் அவர். அன்று ஆர்சனல் குழுவின் மானேஜராக இருந்தவரும் அவரே. அவர் பெயர் ஹெர்பர்ட் சாப்மன்.

அந்த மரியாதை அவருக்கு எளிதில் கிடைத்துவிடவில்லை. அதற்கு முன் ஐந்து ஆண்டுகள் எதிர்க் குழு ரசிகர்கள் அவரைப் பார்த்துச் சிரித்தார்கள்.

சுரங்கத் தொழிலாளி மகன்

சாப்மன் 1878-ம் ஆண்டு ஜனவரி 19-ந் தேதி பிறந்தார். ஊர், யார்க்ஷயர் பகுதியில் உள்ள கிவிட்டன் பார்க். தந்தை நிலக்கரிச் சுரங்கத் தொழிலாளி. வீடு நிறையப் பிள்ளைகள்.

சாப்மன் சுரங்கப் பொறியியல் படித்தார். கூடவே பந்தும் ஆடினார். ஊர் ஊராக, குழு குழுவாக மாறினார். எங்கும் பெரிய பெயர் வாங்கவில்லை. அவருடைய தம்பி ஹாரிதான் நல்ல ஆட்டக்காரர் என்று பெயர் எடுத்தார். சாப்மனைப் பற்றி மக்கள் நினைவில் நின்றது ஒன்றே ஒன்று. அவர் மஞ்சள் நிறப் பூட்சு போட்டு ஆடுவார்.

1907-ம் ஆண்டு நார்தாம்டன் குழுவுக்கு மானேஜர் ஆனார். அந்த வேலையும் வேறொருவரைத் தேடி வந்ததுதான். அவர் மனம் மாறி, சாப்மன் பெயரைச் சொன்னார். கடைசி இடத்தில் தவித்த அந்தக் குழு, இரண்டே ஆண்டுகளில் தெற்கு லீக் போட்டியில் முதல் இடம் பெற்றது.

ஆட்டக்காரராகச் சோபிக்காதவர், ஆட்டக்காரர்களை ஆட்டி வைப்பதில் வல்லவர் என்பது தெரிந்தது.

ஏலம் போன குழு

1912-ம் ஆண்டு லீட்ஸ் சிட்டி குழுவுக்குப் போனார். குழு முன்னேறிக்கொண்டிருந்தபோது முதல் உலகப் போர் வந்துவிட்டது. சாப்மன் 1916-ம் ஆண்டு பார்ன்போ என்ற இடத்தில் இருந்த வெடிகுண்டுத் தொழிற்சாலையில் நிர்வாக வேலைக்குப் போனார்.

போர் முடிந்ததும் பெரிய இடி விழுந்தது. போர்க் காலத்தில் லீட்ஸ் சிட்டி குழு விதிக்கு விரோதமாக ஆட்டக்காரர்களுக்குப் பணம் கொடுத்தது என்று புகார் எழுந்தது. கணக்குப் புத்தகங்களைக் காட்டக் குழு மறுத்தது. 1919-ம் ஆண்டு அக்டோபர் மாதம் லீக்கிலிருந்து அந்தக் குழு நீக்கப்பட்டது. ஆட்டக்காரர்கள் ஒரு ஓட்டலில் ஏலம் விடப்பட்டார்கள்! மேசை நாற்காலிகளை ஏலம் போடுவதுபோல, மனிதர்களுக்கு விலை பேசப்பட்டது.

நிர்வாகிகளுக்கு ஆயுள் காலத் தடை விதிக்கப்பட்டது. அதில் சாப்மன் பெயரும் இருந்தது. அவர் பந்தாட்டத்தை விட்டு, ஒரு தொழிற்சாலை வேலையில் இருந்தார். பிறகு அந்த வேலையும் போயிற்று. வயது 42. கையில் தொழில் இல்லை. பெயரில் கறை.

அப்போது கை கொடுத்தது ஹட்டர்ஸ்பீல்டு குழு. பணம் கொடுக்கப்பட்ட காலத்தில் சாப்மன் வெடிகுண்டுத் தொழிற்சாலையில் அல்லவா இருந்தார் என்று அவருக்காக வாதாடினார்கள். தடை நீங்கியது.

ஹட்டர்ஸ்பீல்டும் சிரமத்தில் இருந்த குழுதான். பணம் இல்லாமல், குழுவையே லீட்ஸ் நகருக்குக் கொண்டுபோய்விடலாமா என்று 1919-ம் ஆண்டு பேச்சு நடந்தது. ஊர் மக்கள் பணம் திரட்டித் தடுத்தார்கள். அந்தக் குழு சாப்மன் கையில் 1922-ம் ஆண்டு கோப்பையை வென்றது. 1924, 1925 ஆகிய இரு ஆண்டுகளிலும் லீக் போட்டியில் முதல் இடம் பெற்றது.

விளம்பரத்தைப் பார்த்து வந்தவர்

அந்த நேரத்தில் லண்டன் ஆர்சனல் குழு பத்திரிகையில் ஒரு விளம்பரம் செய்தது. மானேஜர் தேவை என்றது விளம்பரம். பெரும் பணம் கொடுத்து ஆட்டக்காரர்களை வாங்க நினைப்பவர்கள் விண்ணப்பிக்க வேண்டாம் என்றும் அதில் இருந்தது. ஆர்சனல் அப்போது 22 குழுக்களில் 20-வது இடம். பெரிய கோப்பை ஒன்றைக்கூட அதுவரை வென்றதில்லை.

முதல் இடத்தில் இருக்கும் குழுவை விட்டு, மூழ்கும் கப்பலில் யாராவது ஏறுவார்களா? சாப்மன் ஏறினார். நல்ல குழுவை உருவாக்க ஐந்து ஆண்டுகள் ஆகும் என்று முதலிலேயே சொல்லிவிட்டார்.

ஆர்சனலுக்குப் பக்கத்து எதிரி டாட்டன்ஹாம். ஆர்சனல் 1913-ம் ஆண்டு வடக்கு லண்டனுக்குக் குடிவந்த நாள் முதல் பகை. 1919-ம் ஆண்டு முதல் பிரிவில் டாட்டன்ஹாம் இருந்த இடம் ஆர்சனலுக்குப் போனதும் பகை முற்றியது. சாப்மனோ ஒரு காலத்தில் டாட்டன்ஹாம் சட்டை போட்டு ஆடியவர்! அந்த ரசிகர்கள் சும்மா இருப்பார்களா?

ஏழு கோல் தோல்வி

1925-ம் ஆண்டு அக்டோபர் 3-ந் தேதி நியூகாசில் நகரில் ஆட்டம். ஆர்சனல் 7 கோல் வாங்கியது. ஒரு கோல்கூடப் போடவில்லை.

அந்த ஆண்டுதான் ஆப்சைடு விதி மாறியிருந்தது. அதற்கு முன், முன்னால் நிற்கும் ஆட்டக்காரருக்குப் பந்தைத் தள்ள வேண்டுமானால், அவருக்கும் கோல் கோட்டுக்கும் இடையே எதிரிகள் மூன்று பேர் இருக்க வேண்டும். புதிய விதியில் இரண்டு பேர் போதும். முன்வரிசை ஆட்டக்காரர்களுக்குக் கொண்டாட்டம். பின்வரிசைக்குத் திண்டாட்டம்.

ஆர்சனல் காப்டன் சார்லி புக்கன் ஒரு யோசனை சொல்லி வந்தார். நடுவில் ஆடும் சென்டர் ஹாப் ஆட்டக்காரரைப் பின்னுக்கு இழுத்து, இரண்டு பாக்குகளுக்கு நடுவே நிறுத்தலாம் என்பதே அது. ஏழு கோல் தோல்விக்குப் பிறகு சாப்மன் அதை ஏற்றார். தம் கீழ் ஆடுகிறவர் சொன்ன யோசனை என்று தள்ளவில்லை. இரண்டு நாள் கழித்து வெஸ்ட்ஹாம் குழுவை ஆர்சனல் 4-0 என்று தோற்கடித்தது. பின்னாளில் உலகம் முழுவதும் பரவிய ஆட்ட முறை இப்படித்தான் வளர்ந்தது.

அந்த ஆண்டு ஆர்சனல் இரண்டாவது இடம் பெற்றது. முதல் இடம் யாருக்கு? அவர் விட்டுவந்த ஹட்டர்ஸ்பீல்டுக்கு!

நழுவிய பந்து

1927-ம் ஆண்டு ஆர்சனல் கோப்பை இறுதி ஆட்டத்துக்கு வந்தது. எதிர்க் குழு வேல்ஸ் பகுதியைச் சேர்ந்த கார்டிப். எதிரி அடித்த சாதாரணமான ஒரு பந்து, ஆர்சனல் கோல்கீப்பர் டான் லூயிசின் கையிலிருந்து நழுவி கோலுக்குள் உருண்டது. அந்த ஒரு கோலில் ஆர்சனல் தோற்றது. இங்கிலாந்தின் கோப்பை முதன் முதலாக இங்கிலாந்தை விட்டு வெளியே போயிற்று.

லூயிஸ் வேல்ஸ்காரர். சொந்த நாட்டுக்காக வேண்டுமென்றே விட்டுவிட்டார் என்றுகூடப் பழி பேசினார்கள். மனம் உடைந்த அவர், தமக்குக் கிடைத்த பதக்கத்தைத் தூக்கி எறிந்தார். சக ஆட்டக்காரர் ஒருவர் அதைத் தேடி எடுத்துக் கொடுத்தார்.

சாப்மன் என்ன செய்தார்? லூயிசைத் துரத்தவில்லை. அடுத்த ஆண்டுகளிலும் அவர் ஆர்சனல் கோலைக் காத்தார். புதுச் சட்டையின் வழவழப்பில் பந்து வழுக்கிவிட்டது என்று காரணம் சொன்னார்கள். அன்று முதல் இறுதி ஆட்டத்துக்கு முன் புதுச் சட்டையைத் துவைத்துப் போடுவது ஆர்சனல் குழுவில் வழக்கமாயிற்று.

பணத்தை இறைத்தார்!

அதன் பிறகு இடம் 10. அடுத்த ஆண்டு 9. அதற்கடுத்த ஆண்டு 14. இதற்கு நடுவே சாப்மன் பணத்தை வாரி இறைத்தார். 1928-ம் ஆண்டு டேவிட் ஜாக் என்ற ஆட்டக்காரரை 10,890 பவுன் கொடுத்து வாங்கினார். ஒரு ஆட்டக்காரருக்கு 10 ஆயிரம் பவுனுக்கு மேல் கொடுத்தது அதுவே முதல் முறை. பணம் எல்லாம் பழைய குழுவுக்கு. ஆடுகிறவருக்கு வாரம் 8 பவுனுக்கு மேல் கொடுக்கக் கூடாது என்பது அந்நாளைய விதி.

1929-ம் ஆண்டு பிரெஸ்டன் குழுவிலிருந்து அலெக்ஸ் ஜேம்சை 8,750 பவுனுக்கு வாங்கினார். குள்ளமான உருவம். தொளதொள கால்சட்டை. பழைய குழுவில் கோல் அடித்துப் புகழ் பெற்றவர். சாப்மனோ அவரைப் பின்னால் நின்று மற்றவர்களுக்குப் பந்து எடுத்துக் கொடுக்கச் சொன்னார். ஜேம்சுக்கு அது பிடிபடவில்லை. காலில் காயம் வேறு.

எதிர்க் குழு ரசிகர்களுக்கு வேறு பேச்சே இல்லை. தொழிற்சாலை வாசலிலும் டிராம் வண்டியிலும் சாராயக் கடையிலும் இதே வாதம்தான். சாப்மன் சாயம் வெளுத்துவிட்டது என்பார் ஒருவர். ஹட்டர்ஸ்பீல்டில் அதிர்ஷ்டம் அடித்தது, அவ்வளவுதான் என்பார் இன்னொருவர். ஜேம்ஸ் காசுக்குக் கேடு என்பார் மூன்றாமவர். ஆர்சனல் ரசிகர்களாலும் பதில் சொல்ல முடியவில்லை.

1930-ம் ஆண்டு ஜனவரி மாதம். பர்மிங்காம் குழுவுடன் நடந்த கோப்பை ஆட்டம் வெற்றி தோல்வி இன்றி முடிந்தது. மறு ஆட்டம் ஆட வேண்டும். ஜேம்ஸ் குழுவில் இல்லை. ஓய்வு என்று வீட்டில் படுத்திருந்தார். சாப்மன் தாமே அவர் வீட்டுக்குப் போனார். படுக்கையிலிருந்து எழுப்பி அழைத்து வந்தார். ஊரே கைவிட்ட ஆட்டக்காரரை நம்பி இறக்கினார். ஆர்சனல் வென்றது. ஜேம்சும் மீண்டார்.

ஆட்டத்துக்கு ஆட்டம் முன்னேறி, ஆர்சனல் வெம்பிளி வந்து சேர்ந்தது. எதிரே நின்ற ஹட்டர்ஸ்பீல்டு குழுவின் மானேஜர் கிளம் ஸ்டீவன்சன். அவர் ஒரு காலத்தில் சாப்மனிடம் ஆடியவர்!

முதல் கோலை அடித்தவர் யார் தெரியுமா? அலெக்ஸ் ஜேம்ஸ்தான். ஜாக் லாம்பர்ட் இன்னொரு கோல் போட்டார். 2-0. ஆர்சனல் வென்ற முதல் பெரிய கோப்பை அது. சாப்மன் கேட்ட ஐந்து ஆண்டுகள் சரியாக முடிந்திருந்தன.

அடுத்த ஆண்டு லீக்கிலும் ஆர்சனல் முதல் இடம். 127 கோல்கள் அடித்தது. தெற்கு இங்கிலாந்துக் குழு ஒன்று முதல் பிரிவில் முதல் இடம் பெற்றது அதுவே முதல் தடவை.

புது யோசனைகள்

சாப்மன் தலையில் யோசனைகள் ஊறிக்கொண்டே இருந்தன. 1928-ம் ஆண்டிலேயே ஆட்டக்காரர் முதுகில் எண் எழுதினார். அதற்கு அனுமதி கிடைக்கவில்லை. இரவில் விளக்கு வெளிச்சத்தில் ஆடலாம் என்றார். அதற்கும் அனுமதி இல்லை. மைதானத்துக்குப் பக்கத்தில் இருந்த கில்லஸ்பி ரோடு சுரங்க ரயில் நிலையத்துக்குக் குழுவின் பெயரை வைக்கச் சொல்லிப் போராடினார். 1932-ம் ஆண்டு அது ஆர்சனல் நிலையம் ஆயிற்று.

வால்சால் அடித்த அடி

வெற்றி வந்ததும் எதிரிகளின் வாதம் மாறியது. அது பணக்காரக் குழு, அதிர்ஷ்டக் குழு என்றார்கள். சிரிக்க ஒரு நாள் வருமா என்று காத்திருந்தார்கள். வந்தது!

1933-ம் ஆண்டு ஜனவரி 14-ந் தேதி. எதிர்க் குழு மூன்றாம் பிரிவில் ஆடும் சிறிய வால்சால். ஆர்சனலில் சிலருக்குக் காய்ச்சல், சிலருக்குக் காயம். சாப்மன் புது ஆட்டக்காரர்கள் சிலரை இறக்கினார். ஆர்சனல் 2-0 என்று தோற்றது. இங்கிலாந்து முழுவதும் கைகொட்டிச் சிரித்தது.

டாமி பிளாக் என்ற இளைஞர் செய்த முரட்டுத் தவறால் எதிரிக்கு ஒரு பெனால்டி கிடைத்திருந்தது. சில நாட்களிலேயே அவரை பிளிமத் குழுவுக்கு விற்றுவிட்டார் சாப்மன். பந்தை நழுவவிட்ட லூயிசுக்குக் காட்டிய பொறுமையை இந்த இளைஞருக்குக் காட்டவில்லை. ஊரின் சிரிப்பு அவரையும் சுட்டிருக்க வேண்டும். பெரிய மனிதர்களும் சில நேரம் சறுக்குவது உண்டு.

ஆயினும் அந்த ஆண்டும் லீக்கில் ஆர்சனலே முதல் இடம் பெற்றது.

அன்று யாரும் சிரிக்கவில்லை

1934-ம் ஆண்டு பிறந்தது. சாப்மனுக்குச் சளி பிடித்திருந்தது. கடுங்குளிர். அப்படியும் ஊர் ஊராகப் போய் ஆட்டங்களைப் பார்த்தார். திரும்பி வந்தும் வீட்டில் படுக்கவில்லை. தம் குழுவின் இளம் ஆட்டக்காரர்கள் ஆடும் சின்ன ஆட்டம் ஒன்றைப் பார்க்கக் கிளம்பிவிட்டார். சளி நிமோனியா காய்ச்சலாக மாறியது. ஜனவரி 6-ந் தேதி விடியுமுன் இறந்தார். வயது 55.

அன்று பிற்பகல் ஆர்சனல் மைதானத்தில் ஆட்டம். எதிர்க் குழு ஷெபீல்டு வெட்னஸ்டே. அவர் பிறந்த யார்க்ஷயர் பகுதிக் குழு. அவருடைய தம்பி ஹாரி ஆடிய குழு. ஆட்டம் தொடங்கும் முன் இரு குழுவினரும் மவுனமாக நின்றார்கள். கூட்டமும் மவுனமாக நின்றது. ஆட்டம் 1-1 என்று முடிந்தது.

அந்த ஆண்டு லீக் முடிந்தபோது முதல் இடத்தில் ஆர்சனல் இருந்தது. இரண்டாவது இடத்தில் ஹட்டர்ஸ்பீல்டு இருந்தது. இரண்டும் அவர் வளர்த்த பிள்ளைகள்! அடுத்த ஆண்டும் ஆர்சனலே முதல். தொடர்ந்து மூன்று ஆண்டுகள்.

அவர் கேட்டு மறுக்கப்பட்டவை ஒவ்வொன்றாக வந்தன. 1939-ம் ஆண்டு லீக்கில் சட்டை எண் வந்தது. 1950-க்குப் பிறகு விளக்கு வெளிச்ச ஆட்டம் வந்தது. 2011-ம் ஆண்டு ஆர்சனல் குழுவின் புதிய மைதானத்துக்கு வெளியே அவருக்கு முழு உருவச் சிலை வைத்தார்கள்.

தோற்ற குழுவைப் பார்த்துச் சிரிப்பது பந்தாட்ட ரசிகர்களின் பழக்கம். இன்றும் எதிர்க் குழு மானேஜர் தடுமாறினால், அவர் சாயம் வெளுத்துவிட்டது என்று தீர்ப்புச் சொல்ல ஆயிரம் பேர் இருக்கிறார்கள். சாப்மனுக்கும் அப்படித் தீர்ப்புச் சொன்னார்கள். அவர் கேட்டது ஐந்து ஆண்டுகள். நான்காம் ஆண்டிலேயே அவரை அனுப்பியிருந்தால், சிரித்தவர்கள் சொன்னதே சரி என்று ஆகியிருக்கும்!