தொழுநோயாளிகளோடு வாழ்ந்து தவக்காலத்தில் விடைபெற்ற தந்தை தமியான்

தவக்காலத்தின் 40 நாள்களில் கிறிஸ்தவர்கள் செபம், நோன்பு, ஈகை ஆகிய மூன்றையும் கடைப்பிடிக்கின்றனர். இறைச்சியைத் தவிர்ப்பதும் உணவைக் குறைப்பதும் பலருக்கு இயலும். ஆனால், எல்லாரும் ஒதுக்கிய மனிதர்களைத் தேடிச்சென்று அவர்கள் துன்பத்தில் பங்கெடுப்பது எளிதல்ல. அதைத் தம் வாழ்நாள் நோன்பாகவே ஏற்றவர் மொலொக்காய் தீவின் தந்தை தமியான்.

1840 ஜனவரி 3ஆம் தேதி பெல்ஜியத்தின் ட்ரெமெலோ கிராமத்தில் விவசாயக் குடும்பத்தில் பிறந்தார். இயற்பெயர் ஜோசப் டி வூஸ்டர். ஹவாய்க்கு மறைப்பணியாற்றச் செல்லவிருந்த அண்ணன் காய்ச்சலில் படுத்துவிடவே, அவருக்குப் பதிலாகத் தம்பி கப்பலேறினார். 1864 மார்ச் 19ஆம் தேதி ஹொனலுலு சேர்ந்து, இரண்டு மாதங்களில் குருப்பட்டம் பெற்றார்.

அப்போது ஹவாயில் தொழுநோய் பரவிவந்தது. மருந்து கிடையாது. 1865ல் இயற்றப்பட்ட சட்டத்தின்படி நோயாளிகள் குடும்பத்திலிருந்து பிரிக்கப்பட்டு மொலொக்காய் தீவின் கலாவாவோவுக்கு அனுப்பப்பட்டனர். மூன்று பக்கம் கடல், பின்னால் செங்குத்தான மலை. போனவர் திரும்பியதில்லை.

அங்கே நான்கு குருமார்கள் முறைவைத்துச் சென்றுவருவதாக ஏற்பாடு. 1873 மே 10ஆம் தேதி முதல் ஆளாகப் போன தமியான், அங்கேயே தங்கிவிட அனுமதி கேட்டார். அவருக்கு வயது 33. தொடக்க நாள்களில் ஒரு தாழை மரத்தடியில் படுத்து உறங்கினார்.

புண்களின் துர்நாற்றம் அவரையும் வாட்டியது. அதைச் சமாளிக்கப் புகைக்குழாய் பிடிக்கத் தொடங்கினார். ஆனாலும் விலகி நிற்கவில்லை. புண்களைக் கழுவிக் கட்டினார். அவர்களோடு ஒரே பாத்திரத்தில் உண்டார். வீடுகள் கட்டினார், குடிநீருக்குக் குழாய் அமைத்தார், சவப்பெட்டி செய்தார், குழியும் தோண்டினார். முன்பு முறையான அடக்கம்கூடக் கிடைக்காதவர்களுக்கு அது பெரிய ஆறுதல்.

தமியானுக்கும் கட்டுப்பாடு வந்தது. ஒருமுறை அவருடைய சபைத் தலைவர் வந்த கப்பலில் ஏற அவரை அனுமதிக்கவில்லை. படகில் நின்றபடியே, மேல்தளத்தில் நின்ற தலைவரை நோக்கி உரத்த குரலில் தம் பாவங்களை அறிக்கையிட்டார்.

1884 டிசம்பரில் கொதிநீரில் கால் வைத்தபோது தோல் கொப்புளித்தது, வலி தெரியவில்லை. தமக்கும் நோய் வந்துவிட்டதை உணர்ந்தார். அதன் பிறகும் வேலையை நிறுத்தவில்லை. அவருடைய கடைசி ஆண்டுகளில் அன்னை மரியான் கோப் முதலானோர் உதவிக்கு வந்தனர்.

1889ஆம் ஆண்டுத் தவக்காலத்தின் நடுவில் அவர் படுக்கையில் விழுந்தார். புனித வாரத்தின் திங்கட்கிழமை, ஏப்ரல் 15ஆம் தேதி, 49ஆவது வயதில் காலமானார். உயிர்ப்புப் பெருவிழாவுக்கு ஆறே நாள்கள் இருந்தன. முதலில் உறங்கிய அதே தாழை மரத்தடியிலேயே அடக்கம் செய்யப்பட்டார்.

1936ல் அவரது உடல் பெல்ஜியத்துக்குக் கொண்டுசெல்லப்பட்டது. 1995ல் வலது கை மட்டும் கலாவாவோவிலுள்ள பழைய கல்லறைக்குத் திரும்பியது. 2009 அக்டோபர் 11ஆம் தேதி திருச்சபை அவரைப் புனிதராக அறிவித்தது. அவரது திருநாள் மே 10, நோயாளிகளிடம் அவர் போய்ச் சேர்ந்த நாள்.

தொழுநோய் இன்று மருந்தால் குணமாகும். ஆனால், நோயாலும் முதுமையாலும் தனிமையில் கிடப்பவர்கள் எல்லா ஊரிலும் இருக்கிறார்கள். நோன்பில் மிச்சமாகும் உணவோடு ஒரு மணி நேரத்தையும் எடுத்துக்கொண்டு அவர்களிடம் போவதும் தவக்காலப் பயணம்தான்.