கானகம் கண்ட கென்னத் ஆண்டர்சன்

ஸ்ரீராம்புரத்தில் எங்கள் வீட்டு மாடி அறையில் என்னோடு தங்கிப் படிக்கும் நண்பர் ஒருவர் பொறியியல் மாணவர். துப்பாக்கி என்றால் அவருக்கு ஊணும் உறக்கமும் வேண்டாம். குழலை ஓரிடத்தில் கடைந்து, கட்டையை வேறோரிடத்தில் செதுக்கி, மேலே தொலைநோக்கி பொருத்தி, ஒருவனுடைய தோளுக்கும் கைக்கும் அளவெடுத்துச் செய்யப்படும் ரைபிள்களைப் பற்றியே பேசுவார். ஆயிரம் கஜத்துக்கு அப்பால் நிற்கும் மானைச் சுட ரவை எவ்வளவு தாழும், காற்று எவ்வளவு தள்ளும் என்று தாள் தாளாகக் கணக்குப் போடுவார். இத்தனைக்கும் அவரிடம் ஒரு காற்றுத் துப்பாக்கிகூட இல்லை! 1972-ல் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் வந்த பிறகு இந்நாட்டில் வேட்டை என்ற பேச்சுக்கே இடமில்லை என்பதும் அவருக்குத் தெரியும்.

ஒரு நாள் இரவு, நம் ஊரில் வாழ்ந்த வேட்டைக்காரர் கென்னத் ஆண்டர்சன் எந்தத் துப்பாக்கி வைத்திருந்தார் என்று அவரைக் கேட்டேன். பெயரைக் கேள்விப்பட்டிருந்தாரேயன்றி விவரம் அறியார். அவருக்குச் சொல்லத் தொடங்கியதே இக்கட்டுரையாயிற்று.

ஆண்டர்சன் 1910-ஆம் ஆண்டு மார்ச் 8-ஆம் நாள் ஐதராபாத்தை அடுத்த பொலாரத்தில் பிறந்தார். ஸ்காத்லாந்து வழி வந்த குடும்பம். தலைமுறை தலைமுறையாக இந்தியாவிலேயே வேரூன்றியது. காட்டையும் துப்பாக்கியையும் அவருக்கு முதலில் காட்டியவர் தந்தை. பெங்களூரில் பிஷப் காட்டன் பள்ளியிலும் செயின்ட் ஜோசப் கல்லூரியிலும் படித்தார். சட்டம் பயில எடின்பரோவுக்கு அனுப்பினார்கள். அவரோ படிப்பை முடிக்காமலே திரும்பி வந்துவிட்டார். (தேர்வுக் காலத்தில் இச்செய்தியை நான் பலமுறை நினைத்துக்கொள்வதுண்டு.) தபால் தந்தி இலாகாவில் பதினைந்து ஆண்டுகள் உழைத்து, பின்னர் பெங்களூர் விமானத் தொழிற்சாலையில் திட்ட மேலாளர் பதவி வகித்தார். ஆக, அவர் அரசரும் அல்லர், ஜமீன்தாரும் அல்லர். மாதச் சம்பளக்காரர், விடுமுறை கிடைத்தால் காட்டுக்குப் புறப்படுபவர். கன்னடமும் தமிழும் பேசுவார்.

அவர் கையில் இருந்தது 405 வின்செஸ்டர். அமெரிக்காவில் ஜான் பிரௌனிங் வடிவமைத்த 1895-ஆம் ஆண்டு மாதிரி. அதற்கான 405 ரவை 1904-ல் வெளிவந்தது. யாருக்கும் அளவெடுத்துச் செய்ததன்று; காசு கொடுத்தால் கடையில் வாங்கக்கூடிய துப்பாக்கிதான். விசைக்குக் கீழுள்ள நெம்புகோலைக் கீழே தள்ளி மேலே இழுத்தால் வெற்றுத் தோட்டா வெளியே தெறித்து, அடுத்தது உள்ளே ஏறும். ரவையின் எடை 300 கிரெயின், அதாவது ஒன்றரைத் தோலாவுக்குச் சற்று மேல். வேகம் வினாடிக்குச் சுமார் 2,200 அடி. அடியும் பலம், பின்னுதையும் பலம். சுட்டவர் தோளே அதற்குச் சாட்சி. 1909-ல் ஆப்பிரிக்கா சென்ற அமெரிக்க முன்னாள் குடியரசுத் தலைவர் ரூஸ்வெல்ட் சிங்க வேட்டைக்கு இதைத்தான் விரும்பிக் கையாண்டார்.

இதைக் கேட்டதும் நண்பர் உடனே தாளை எடுத்தார். மழுங்கிய மூக்குடைய கனத்த ரவை. நூறு கஜத்துக்குக் குறி திருத்தி வைத்தால் இருநூறாவது கஜத்தில் ஒரு சாணுக்கு மேல் தாழ்ந்துவிடும். முந்நூறு கஜத்தில் கேட்கவே வேண்டாம். இதை வைத்துக்கொண்டு ஒரு வேட்டையா என்று உதட்டைப் பிதுக்கினார்.

அவர் விரும்பும் வகைத் துப்பாக்கியைச் செய்வித்த பெரியோர் இல்லாமல் இல்லை. இலங்கையில் நுவரெலியாவில் 1848 முதல் குடியிருந்த சாமுவேல் பேக்கரை எடுத்துக்கொள்ளுங்கள். பின்னாளில் நைல் நதியின் மூலங்களைத் தேடிச் சென்று ஆல்பர்ட் ஏரியைக் கண்டவர் அவரே. இளைஞராயிருந்தபோதே, 1840-ல், பிரிஸ்டல் நகரத்துக் கிப்ஸ் என்னும் துப்பாக்கிக் கொல்லரிடம் தம் கருத்துப்படியே ஒரு ரைபிள் செய்யச் சொன்னார். எடை 21 ராத்தல். குழல் 36 அங்குலம். குண்டு 3 அவுன்ஸ். ஒரு வெடிக்குப் போடும் மருந்து மட்டும் ஒரு முழு அவுன்ஸ்! அக்காலத்து நிபுணர்கள் இவ்வளவு மருந்து போட்டால் குறி கெடும் என்று கருதினர். பேக்கர் சுட்டுப் பார்த்தே அவர்கள் கருத்தைத் தகர்த்தார். நம் ஆண்டர்சனுக்கு அத்தகைய செல்வமும் இல்லை, அத்தகைய தேவையும் இல்லை.

தேவை ஏன் இல்லை? அவர் வேட்டையாடிய இடங்களைப் பாருங்கள். ஜவளகிரி, தேன்கனிக்கோட்டை, அஞ்செட்டி, பென்னாகரம், ஏலகிரி, முண்டாச்சிப்பள்ளம் எல்லாம் நமக்குத் தெரிந்த ஊர்கள். மூங்கிலும் முட்புதரும் அடர்ந்த அக்காடுகளில் ஐம்பது கஜம் தெளிவாகத் தெரிவதே அரிது. பரண் மேல் இருந்தாலும் சரி, பாறை மறைவில் இருந்தாலும் சரி, விலங்கு வரும் நேரம் அந்தியோ நள்ளிரவோதான். ரைபிளில் ஒரு டார்ச் விளக்கைப் பொருத்திக்கொண்டு, ஒளி விழும் கணத்தில், சில கஜத் தொலைவில் சுட வேண்டும். ஆட்கொல்லியாகிவிட்ட ஜவளகிரிப் பெண்புலியை அவர் எப்படி வரவழைத்தார் தெரியுமா? ஆண்புலியைப் போல் தாமே குரல் கொடுத்தார். அது பதில் குரல் கொடுத்துக்கொண்டே நெருங்கி நெருங்கி அவரிடமே வந்தது. ஆயிரம் கஜக் கணக்குக்கு அங்கே என்ன வேலை?

துப்பாக்கியைச் சோதிப்பது என்றால் என் நண்பருக்கு மணல் மூட்டை மேல் குழலைச் சாய்த்து, தாளில் ஐந்து துளைகளும் ஒரு காசுக்குள் அடங்குகின்றனவா என்று பார்ப்பது. அது வேண்டியதுதான், அதைச் செய்யாதவன் துப்பாக்கியைத் தொடக்கூடாது. ஆயினும் தாளிலே துளை தவறினால் தாள் ஒன்றும் செய்யாது. காட்டிலே தவறினால் என்ன ஆகும் என்பதைத்தான் ஆண்டர்சனின் புத்தகங்கள் திரும்பத் திரும்பக் காட்டுகின்றன. புலி இயல்பாக மனிதனை விட்டு விலகிப் போவது. பயிர்க் காவலுக்கு வைத்திருக்கும் நாட்டுத் துப்பாக்கியாலோ, தொலைவிலிருந்து அவசரப்பட்டுச் சுட்ட ஒரு துரையின் ரைபிளாலோ காயம்பட்டு, மானைத் துரத்த முடியாமற் போன பிறகே அது ஆளைத் தேடுகிறது. குமாயூனில் 1907-ல் ஜிம் கார்பெட் வீழ்த்திய சம்பாவத் பெண்புலி 436 பேரைக் கொன்றதாகக் கணக்கு. அதன் வாயைத் திறந்து பார்த்தபோது வலப்பக்கத்துக் கோரைப் பற்கள் மேலும் கீழும் உடைந்திருந்தன. என்றோ எவனோ சுட்ட குண்டின் வேலை அது. சுட்டவன் வீட்டுக்குப் போய்விட்டான். விலை கொடுத்தவர்கள் புல்லறுக்கப் போன பெண்கள்.

என் பாட்டி பிறந்தது தேன்கனிக்கோட்டைப் பக்கம். அந்தியானதும் மாட்டைக் கட்டிக் கதவைச் சாத்திவிடுவார்களாம். ஒதுங்கப் போவதானாலும் நாலு பேராகச் சேர்ந்துதான் போவார்களாம். அந்தச் சீமையில் கும்மளாபுரத்துச் சிறுத்தை நாற்பதுக்கு மேற்பட்டவர்களைக் கொன்றது என்று நான் ஆண்டர்சன் புத்தகத்தில் படித்துச் சொன்னபோது பாட்டி வியக்கவில்லை. புத்தகத்தில்கூடப் போட்டுவிட்டார்களா என்று மட்டும் கேட்டார்.

அரசாங்கக் கணக்கில் 1939 முதல் 1966 வரை ஆண்டர்சன் கொன்ற ஆட்கொல்லிகள் எட்டுச் சிறுத்தைகளும் ஏழு புலிகளும். அவரைப் போற்றுவதற்கு இந்தத் தொகை எனக்குக் காரணமன்று. காயம்பட்ட விலங்கை விட்டுவிட்டு வராதவர் என்பதே காரணம். குறி தப்பியதையும், தாம் காத்திருந்த வேளையிலேயே வேறோர் ஊரில் உயிர் போனதையும் மறைக்காமல் எழுதினார். 1954-ல் வெளிவந்தது முதல் புத்தகம்; அதன் பின் இரண்டு மூன்று ஆண்டுகளுக்கு ஒன்றாகப் பல வந்தன. அவற்றில் பைரா என்னும் காட்டுப் பூசாரி வருகிறார். ஆண்டர்சனுக்குத் தடம் படிக்கக் கற்றுக்கொடுத்தவர் அவர். ஆண்டர்சன் அவரை வேலையாளாக அன்றி ஆசானாகவும் தோழனாகவுமே நடத்தினார். அக்காலத்து வெள்ளையர் வேட்டை நூல்களில் இது அபூர்வம்.

வயது ஏற ஏற அவருக்குத் துப்பாக்கி மேல் இருந்த பற்றுக் குறைந்தது. ஆட்கொல்லி என்று உறுதியானாலன்றிச் சுடுவதில்லை; காமிராவும் கையுமாகக் காட்டில் திரிந்தார். காடு அழிவதையும், வண்டி விளக்கொளியில் மானைச் சுடும் களவு வேட்டையையும் கண்டு மனம் நொந்து எழுதினார். 1974-ஆம் ஆண்டு ஆகஸ்டு 30-ஆம் நாள் பெங்களூரில் புற்றுநோயால் காலமானார். வேட்டைத் தடைச் சட்டம் வந்து அப்போது இரண்டு ஆண்டுகள்கூட முழுமையாக ஆகவில்லை.

இவ்வளவையும் கேட்டு என் நண்பர் நெடுநேரம் பேசாமல் இருந்தார். எனக்கும் ஒரு பழைய நினைவு வந்தது. எட்டாவது படிக்கும்போது ரயில் தண்டவாளத்து ஓரத்தில் உண்டிவில்லால் ஒரு மைனாவை அடித்தேன். இறக்கை ஒடிந்து வேலிக்குள் ஓடிற்று. முள்ளுக்குப் பயந்து நான் உள்ளே போகவில்லை. மறுநாளும் அங்கிருந்து அதன் குரல் கேட்டது. அதற்கு மறுநாள் கேட்கவில்லை. இதை அதுவரை யாரிடமும் சொன்னதில்லை.

சென்ற தை மாதம் பாட்டியை அழைத்துக்கொண்டு அவர் ஊருக்குப் போயிருந்தோம், நண்பரும் வந்தார். அப்பகுதிக் காடுகள் 2014 முதல் காவிரி வடக்கு வனவிலங்குச் சரணாலயத்தைச் சேர்ந்தவை. மாலையில் அஞ்செட்டிச் சாலையோரம் நின்று, எதிரே இருந்த மூங்கில் புதருக்கு எத்தனை கஜம் இருக்கும் என்று நண்பர் எட்டு வைத்து அளந்தார். பதினெட்டு எட்டு. அதற்கு மேல் ஒன்றும் தெரியவில்லை. இருட்டப் போகிறது, வண்டிக்கு வாருங்கள் என்று பாட்டி எங்களைக் கூப்பிட்டார்.