உட்பொருள் தேடிய வீரமாமுனிவர்

புனித ஞானப்பிரகாசியார் தோன்றிய அதே ஊரில், வட இத்தாலியின் காஸ்திலியோனேயில், 1680-ஆம் ஆண்டு நவம்பர் 8-ஆம் நாள் பிறந்தவர் கான்ஸ்தாந்தீன் ஜோசப் பெஸ்கி. 1698-இல் சேசு சபையில் சேர்ந்தார். 1710-இல் கோவாவில் கரையிறங்கி, மறு ஆண்டு தமிழகம் வந்தார். வீரமாமுனிவர் எனத் தமிழுலகம் போற்றும் பெரியார் இவரே.

போதிக்க வந்த அடிகளார் முதலில் மாணாக்கராக அமர்ந்தார். மறையுரைக்குப் பேச்சுத் தமிழே போதும். அதனோடு அவர் நிறைவு கொள்ளவில்லை. சுப்பிரதீபக் கவிராயரிடம் இலக்கண இலக்கியங்களைப் பாடங்கேட்டார் என்பர். சொல்லின் மேற்பொருளைக் கடந்து, உட்பொருளைக் காண்பதே அவருடைய படிப்பாயிற்று.

அப்படிப்பின் கனியே திருக்குறளின் இலத்தீன் மொழிபெயர்ப்பு. அறத்துப்பால், பொருட்பால் ஆகிய இரண்டிலும் உள்ள 108 அதிகாரங்களை மொழிபெயர்த்து, கருத்தை விளக்கும் குறிப்புகளையும் சேர்த்தார். பின்னாளில் ஜி.யு. போப் ஐயர் 1886-இல் வெளியிட்ட தம் குறள் பதிப்பில் இதனையும் அச்சிட்டார்.

தமிழ்க் காவியங்களில் கற்றதைத் திருமறைக்கே காணிக்கையாக்கினார் முனிவர். நற்செய்தி நூல்களில் புனித சூசையப்பர் பேசியதாக ஒரு சொல்லும் இல்லை. கனவில் தேவதூதர் அறிவித்ததைக் கேட்டார், எழுந்தார், செய்தார். அம்மௌனத்தை வெறுமை என்று கடந்து போகாமல், அதனுள் நிறைந்திருந்த விசுவாசத்தைக் கண்டார் அடிகளார். பேசாத அந்தப் புனிதரையே தலைவராக்கி, 36 படலங்களும் 3615 பாடல்களும் கொண்ட தேம்பாவணியைப் பாடினார். நம் காவிய மரபுப்படி நாட்டுப் படலம், நகரப் படலம் என்றே தொடங்கினார். சூதேயா நாட்டுத் தச்சர் தமிழ்க் காப்பியத் தலைவரானார். கற்போர் பொருளுணர்ந்து படிக்குமாறு அந்நூலுக்குத் தாமே உரையும் வரைந்தார்.

சதுரகராதியும் தொன்னூல் விளக்கமும் தந்து தமிழை வளப்படுத்திய முனிவர் 1747-இல் இறைவனடி சேர்ந்தார். ஏலாக்குறிச்சி அடைக்கல மாதா ஆலயம் இன்றும் அவர் பெயரைச் சொல்கின்றது.

அன்பார்ந்த பங்கு மக்களே! ஞாயிறுதோறும் வாசகம் கேட்கிறோம். பாடல்களை மனப்பாடமாகப் பாடுகிறோம். பழகிய சொற்கள் காதோடு நின்றுவிடுவதும் உண்டு. பிறமொழியில் பிறந்த ஒருவர் நம் மொழியின் ஒவ்வொரு சொல்லிலும் நின்று பொருள் தேடினார். தாய்மொழியிலேயே இறைவார்த்தையைக் கேட்கும் பேறு பெற்ற நாம், இந்த யூபிலி ஆண்டில் ஒரு நற்செய்திப் பகுதியையேனும் குடும்பமாக அமர்ந்து, நிறுத்திப் படித்து, அதன் உட்பொருளைத் தேடுவோமாக. பேசாமல் உழைத்துக் குடும்பத்தைக் காத்த சூசையப்பர் நமக்காக மன்றாடுவாராக!