ஸங்கீத கலாநிதி அரியக்குடி ஸ்ரீ ராமாநுஜ ஐயங்கார்

தென் திருப்பதி எனப் போற்றப்படும் அரியக்குடியில், 1890-ஆம் ஆண்டு ஸ்ரீவைஷ்ணவக் குடும்பத்தில் தோன்றியவர் ஸ்ரீ ராமாநுஜ ஐயங்கார். ராமநாதபுரம் பூச்சி ஸ்ரீநிவாஸ ஐயங்காரிடம் குருகுலவாஸம் செய்தார். வர்ணத்தில் தொடங்கித் துக்கடாக்களில் நிறைவுறும் இன்றைய கச்சேரி முறையை வகுத்தவர் இவரே. 1938-இல் ஸங்கீத கலாநிதி, 1958-இல் பத்மபூஷண், பட்டங்கள் நிற்க. அடியார்கள் இவருக்குக் கடமைப்பட்டிருப்பது திருப்பாவைக்காகவே. முப்பது பாசுரங்களுக்கும் ராகம் அமைத்த இவர், முதல் ஐந்துக்கு நாட்டை, கௌளை, ஆரபி, வராளி, ஸ்ரீ என்னும் கனராகங்களை வரிசை பிறழாது வைத்தார். ஸந்நிதியில் கோஷ்டியாக ஸேவிப்பது வேறு. அதற்கு இது மாற்றன்று. ஆயினும், கோஷ்டியில் அந்வயிக்க இயலாத மாதரும் சிறாரும் இல்லத்திலேயே ஆண்டாளின் திருவாக்கைப் பாடி மனத்தில் இருத்த வழி பிறந்தது. ஸ்ரீமதி எம்.எல். வசந்தகுமாரி அவ்வாறே பாடி எங்கும் பரப்பினார். 1967-ஆம் ஆண்டு, மார்கழி நோன்பு முடிந்த சின்னாட்களில், தை மாதத்தில் ஐயங்கார் ஆசார்யன் திருவடி அடைந்தார்.