வளரி எறியக் கற்றுக்கொடுத்த சின்ன மருது: கற்றவர் திரும்பி வந்தது எதிரிப் படையில்!

பூமராங் என்றால் ஆஸ்திரேலியாதானே ஞாபகத்துக்கு வரும்? நம்ம ஊரிலும் அதன் உறவுக்காரன் உண்டு. பெயர் வளரி. பிறை போல வளைந்த ஆயுதம். ஒரு முனை மெல்லிசு, மறுமுனை கனம். மரத்தில் செய்வார்கள், இரும்பிலும் செய்வார்கள். மெல்லிய முனையைப் பிடித்து, தோளுக்கு மேலே சில முறை சுழற்றி வீச வேண்டும். எறிந்தவர் கைக்கே திரும்பி வரும் என்பதெல்லாம் சினிமாவுக்குச் சரி. போரில் அது திரும்பி வருவதற்காக எறியப்பட்டதில்லை.

இந்த வளரிக்குப் பெயர்போனவர் சின்ன மருது. ராஜபாளையமும் ஸ்ரீவில்லிபுத்தூரும் இருக்கிற இதே விருதுநகர் மாவட்டத்தில், நரிக்குடி பக்கத்து முக்குளத்தில் 1753-ல் பிறந்தவர். அண்ணன் பெரிய மருதுவோடு சிவகங்கை மன்னர் முத்துவடுகநாதரிடம் பணிக்குச் சேர்ந்தார். 1772-ல் காளையார்கோவிலில் மன்னர் கொல்லப்பட்டதும், ராணி வேலுநாச்சியாருடன் விருப்பாச்சிக்குப் போனார்கள். எட்டு வருஷம் காத்திருந்து, ஹைதர் அலி உதவியோடு 1780-ல் சிவகங்கையை மீட்டார்கள். அதன்பின் நிர்வாகம் மருதுகள் கையில்தான். அண்ணனுக்கு வேட்டையில்தான் நாட்டம். வெள்ளி ரூபாயை விரலாலேயே வளைப்பாராம். ஆட்சியைக் கவனித்தது தம்பி.

1795-ல் கம்பெனிப் படையின் இளம் அதிகாரி ஜேம்ஸ் வெல்ஷ், சிறுவயலில் சின்ன மருதுவைப் பார்க்கப் போனார். அரண்மனையில் காவலாளே இல்லை, யார் வேண்டுமானாலும் உள்ளே வரலாம் என்பது அவருக்கு ஆச்சரியம். ஈட்டி எறியவும் வளரி வீசவும் அவருக்குச் சொல்லிக்கொடுத்தவர் சின்ன மருதுதான். தேர்ந்த கை வீசினால் நூறு கஜத்துக்குள் குறி தப்பாது என்று வெல்ஷ் பின்னாளில், 1830-ல் வெளியான தன் நினைவு நூலில் எழுதினார்.

ஆறே வருஷத்தில் எல்லாம் தலைகீழ். பாஞ்சாலங்குறிச்சி விழுந்ததும் தப்பி வந்த ஊமைத்துரைக்கு மருதுகள் அடைக்கலம் கொடுத்தார்கள். 1801 ஜூன் 16-ல் திருச்சிக் கோட்டையிலும் ஸ்ரீரங்கம் கோயில் மதிலிலும், எல்லாச் சாதியினரும் கம்பெனியை எதிர்த்து எழ வேண்டும் என்ற சின்ன மருதுவின் அறிக்கை ஒட்டப்பட்டது. கர்னல் அக்னியூ தலைமையில் படை வந்தது. அதில் வெல்ஷும் இருந்தார். சிறுவயலிலிருந்து காளையார்கோவிலுக்குக் காட்டை வெட்டிப் பாதை போட முயன்று, ஒரு மாதம் போராடிப் பின்வாங்கியது அந்தப் படை. பிறகு வேறு வழியாக வந்து அக்டோபர் 1-ல் காளையார்கோவிலைப் பிடித்தது.

சின்ன மருது பிடிபட்டபோது தொடையெலும்பு முறிந்திருந்தது. அக்டோபர் 24-ல் திருப்பத்தூரில் சகோதரர்கள் இருவரும் தூக்கிலிடப்பட்டார்கள்.

அவருடைய மகன் துரைசாமி அப்போது சிறுவன். 70-க்கும் மேற்பட்டவர்களோடு 1802-ல் கப்பலேற்றிப் பினாங்குக்கு நாடு கடத்தினார்கள். 1818-ல் அங்கே போன வெல்ஷ் முன்னால், தளர்ந்து உருக்குலைந்த ஒரு மனிதர் வந்து நின்றார். அடையாளம் தெரியவில்லை. பெயரைக் கேட்டார். துரைசாமி என்றார் அவர். வயது முப்பத்தைந்துகூட ஆகியிருக்காது.