மீன் தீவன மூட்டையில் இருக்கும் புரதக் கணக்கு: யார் இந்த ஜோஹன் கெல்டால்?

பாப்பிரெட்டிப்பட்டி பக்கம் பண்ணைக்குட்டையில் கட்லா, ரோகு விட்டிருக்கும் யாரிடமாவது கேட்டுப் பாருங்கள், செலவில் பெரும்பகுதி தீவனத்துக்குத்தான் என்பார்கள். கடலைப் புண்ணாக்கும் தவிடும் கலந்து போடுபவர்கள் உண்டு. மூட்டைத் தீவனம் வாங்குபவர்கள் முதலில் பார்ப்பது லேபிளில் இருக்கும் ஓர் எண்ணை: க்ரூட் புரோட்டீன் இத்தனை சதவீதம்.

அந்த எண் எப்படி வருகிறது? அதற்கு நாம் 140 வருஷம் பின்னால், டென்மார்க்கில் ஒரு பீர் ஆலைக்குப் போகணும்.

ஜோஹன் கெல்டால் 1849-ல் டென்மார்க்கில் பிறந்தவர். கோபன்ஹேகனில் வேதியியல் படித்தார். கார்ல்ஸ்பெர்க் பீர் ஆலையின் முதலாளி ஜே.சி. ஜேக்கப்சன் 1875-ல் ஓர் ஆய்வகம் தொடங்க, அதன் வேதியியல் பிரிவுக்கு இருபதுகளின் பாதியிலேயே தலைவரானார் கெல்டால்.

அவருக்கு முன்னால் இருந்த சிக்கல் பார்லி. பீருக்குப் போகும் பார்லியில் புரதம் எவ்வளவு, முளைக்கும்போது அது எப்படி மாறுகிறது என்று தெரியணும். புரதத்தில் நைட்ரஜன் இருக்கிறது, எனவே நைட்ரஜனை அளந்தால் போதும். அதற்கு அப்போதே வழிகளும் இருந்தன, ஆனால் மெதுவானவை. ஒரு மாதிரிக்கே நேரம் இழுக்கும். தினமும் பத்து இருபது மாதிரி பார்க்கிற இடத்தில் அது எப்படிச் சரிப்படும்?

கெல்டால் 1883-ல் சொன்ன வழி ரொம்ப எளிது. தானியத்தை அடர் கந்தக அமிலத்தில் போட்டுக் கொதிக்க விடு. எல்லாம் கரைந்து சிதைந்து, புரதத்தில் இருந்த நைட்ரஜன் அம்மோனியம் உப்பாக மாறி நிற்கும். அதில் காரத்தைச் சேர்த்துக் காய்ச்சினால் அம்மோனியா ஆவியாக வெளியே வரும். அதைப் பிடித்து டைட்ரேஷன் செய்தால் நைட்ரஜன் எவ்வளவு என்று தெரிந்துவிடும். அவ்வளவுதான். புரதத்தில் சராசரியாக 16 சதவீதம் நைட்ரஜன் என்பதால், கிடைத்த எண்ணை 6.25-ஆல் பெருக்கினால் புரதக் கணக்கு ரெடி. ஒரே நேரத்தில் வரிசையாகப் பல குடுவைகளை அடுப்பில் ஏற்றிவிடலாம் என்பதுதான் இதில் பெரிய வசதி.

இன்னொரு விஷயம். முக்கியமான எந்தக் கண்டுபிடிப்பையும் ரகசியமாக வைக்கக் கூடாது என்பது ஜேக்கப்சன் ஆய்வகத்துக்குப் போட்ட விதி. இன்றைய கம்பெனிகளில் இதை நினைத்தாவது பார்க்க முடியுமா? அதனால் கெல்டாலின் முறை உடனே வெளியானது, சில ஆண்டுகளிலேயே பல நாட்டு ஆய்வகங்கள் எடுத்துக்கொண்டன. கொதிக்கும் நேரத்தைக் குறைக்க மற்றவர்கள் வினையூக்கிகளைச் சேர்த்தார்கள். நீண்ட கழுத்துள்ள அந்தக் குடுவைக்கே கெல்டால் குடுவை என்று பெயர் நிலைத்துவிட்டது.

1900 ஜூலையில் கடலில் குளித்துக்கொண்டிருந்தபோது கெல்டால் இறந்தார். அப்போது அவருக்கு வயது 50.

சரி, இதில் எங்கே சிக்கல்?

அவர் முறை அளப்பது நைட்ரஜனை மட்டும்தான். அது புரதத்திலிருந்து வந்ததா, வேறு எதிலிருந்தாவது வந்ததா என்று குடுவைக்குத் தெரியாது. ஒரு கிலோ யூரியாவை உள்ளே போட்டால், இந்தக் கணக்கில் அது கிட்டத்தட்ட 2.9 கிலோ புரதமாகத் தெரியும்! மாட்டுக்காவது இரைப்பையில் உள்ள நுண்ணுயிரிகள் யூரியாவைக் கொஞ்சம் பயன்படுத்திக்கொள்ளும். கெண்டை மீனுக்கு அந்த வசதி கிடையாது. 2008-ல் சீனாவில் பால் பவுடரில் மெலமைன் கலந்தது இந்த ஓட்டையை வைத்துத்தான். சுமார் 3 லட்சம் குழந்தைகள் பாதிக்கப்பட்டார்கள், 6 குழந்தைகள் இறந்தார்கள். பார்லியை அளக்க வந்த மனிதர்மேல் இந்தப் பழியைப் போட முடியாது.

கலப்படமே இல்லை என்றாலும் கேள்வி தீராது. கோழி இறகு முழுக்கப் புரதம்தான், ஆனால் பதப்படுத்தாமல் அரைத்துக் கொடுத்தால் மீனுக்குச் செரிக்காது. லேபிளில் எண் அப்படியே இருக்கும், குட்டையில் மீன் வளராது. காசு போனது போனதுதான்.

அதனால்தான் மீன்வள ஆய்வகங்களில் செரிமானச் சோதனை தனியாகச் செய்கிறார்கள். தீவனத்தில் குரோமிக் ஆக்சைடு என்ற பச்சைப் பொடியைத் துளி கலப்பார்கள். மீன் அதைச் செரிக்காது, அப்படியே கழிவில் வந்துவிடும். தண்ணீருக்குள் மீனின் கழிவு முழுவதையும் சேகரிக்க முடியாதே, அதற்குத்தான் இந்த அடையாளப் பொடி. கொஞ்சம் கழிவு கிடைத்தால் போதும்.

ஒரு கணக்குக்குச் சொல்வோம். தீவனத்தில் பொடி 0.5 சதவீதம், கழிவில் 2 சதவீதம். அப்படியென்றால் தின்றதில் கால் பங்குதான் கழிவாக வந்திருக்கிறது. தீவனத்தில் புரதம் 30, கழிவில் 18 சதவீதம் என்றால், 100 கிராம் தீவனத்தின் 30 கிராம் புரதத்தில் 4.5 கிராம்தான் வெளியே போயிருக்கிறது. மீதி 85 சதவீதம் செரித்தது. கழிவு தண்ணீரில் கரைவதற்குள் சீக்கிரம் எடுத்துவிட வேண்டும், இல்லாவிட்டால் செரித்ததாகத் தப்பாகக் காட்டும்.

இந்த 30, 18 என்ற இரண்டு எண்களையும் எடுத்துக்கொடுப்பது பெரும்பாலும் கெல்டால் முறைதான். அதன் குறையைச் சரிபார்க்கவும் அதுவே தேவைப்படுகிறது.

கெல்டாலுக்குப் பின் அதே நாற்காலிக்கு வந்தவர் சோரென்சன். 1909-ல் பி.எச். என்ற அளவை உலகுக்குச் சொன்னவர் அவர்தான். வாணியாறு பக்கம் குட்டைத் தண்ணீரில் ஒரு பி.எச். தாளை நனைத்துப் பார்த்துவிட்டுத் தீவன மூட்டையைப் பிரிப்பவர், அந்த ஒரே பீர் ஆலையின் இரண்டு கண்டுபிடிப்புகளைக் கையில் வைத்திருக்கிறார்.