முந்நூறு பவுனுக்கும் விலைபோகாத ஊர்

அரை அடி உயரக் குள்ளர்களின் நாட்டில் கரை ஒதுங்கிய கலிவரின் கதையைப் பள்ளிப் பருவத்தில் கேட்டிராதவர் குறைவு. உறங்கிக் கிடந்தவனை நூல் போன்ற கயிறுகளால் கட்டிப்போட்ட குள்ளர்களைப் படத்தில் பார்த்து நாமெல்லாம் சிரித்திருக்கிறோம். ஆனால் அதை எழுதியவர், பேரப்பிள்ளைகளை மடியில் இருத்திக் கதை சொன்ன பாட்டனார் அல்லர். எழுதியவர் இன்னார் என்று காட்டிக் கொடுப்போருக்கு 300 பவுன் பரிசு என்று, அவருடைய எழுத்துக்காக இரண்டு முறை, இரண்டு நாடுகளில், ஆளவந்தார் பறைசாற்றினர். இரண்டு முறையும் அந்தப் பணத்தைப் பெற்றுக்கொள்ள ஒருவரும் முன்வரவில்லை. அவர் பெயர் ஜோனதன் ஸ்விப்ட்.

1667 நவம்பர் 30-ல் அயர்லாந்தின் தலைநகரான டப்ளினில் பிறந்தார். பிறக்கும் முன்பே தந்தை இறந்துவிட்டார். உறவினர் தயவில் படிப்பு. பின்னர் வில்லியம் டெம்பிள் என்ற இங்கிலாந்துச் சீமானின் வீட்டில் செயலாளர் வேலை. அதன் பின் பாதிரியார் பட்டம். பிறர் கையை எதிர்பார்த்து வளர்ந்த பிள்ளை, பிறர் முன் கைகட்டி நிற்பதன் கசப்பை நன்றாக அறிந்திருந்தார். அந்தக் கசப்பே அவர் எழுத்தில் எள்ளலாக ஊறியது.

1704-ல் வெளிவந்த அவருடைய நூலொன்று, கிறித்தவ மதப் பிரிவுகளின் சண்டையைச் சிரிப்புக்கு இடமாக்கிற்று. அரசி ஆனின் முகம் சுளித்தது. ஆயர் பதவி அவருக்குக் கடைசி வரை கிட்டவில்லை. டப்ளின் புனித பாட்ரிக் கோயிலின் தலைமைக் குரு என்ற பதவியோடு 1713-ல் அவர் நிறைவு கொள்ள நேர்ந்தது.

அதற்கு முன் 1708-ல் ஒரு வேடிக்கை நடந்தது. லண்டனில் பார்ட்ரிட்ஜ் என்ற சோதிடர் ஆண்டுதோறும் பஞ்சாங்கம் வெளியிட்டு, இன்னின்னார்க்கு இன்னின்ன நேரும் என்று எழுதிக் காசு பார்த்து வந்தார். ஸ்விப்ட், பிக்கர்ஸ்டாப் என்ற பொய்ப் பெயரில் தாமும் ஒரு சோதிடராக வேடம் பூண்டு, மார்ச் 29 இரவில் பார்ட்ரிட்ஜ் காய்ச்சலில் இறப்பார் என்று கணித்து அச்சிட்டார். நாள் வந்தது; கணித்தபடியே இறந்தார் என்று இன்னொரு தாளையும் அச்சிட்டார். ஊரார் நாளும் கோளும் குறித்துக் கொடுத்தவர், தாம் உயிரோடிருப்பதாகத் தாமே சத்தியம் செய்ய வேண்டியதாயிற்று! அச்சில் வருவதெல்லாம் உண்மை என்று நம்பும் கூட்டத்தை, அச்சைக் கொண்டே ஸ்விப்ட் உலுக்கிக் காட்டினார்.

அவர் எந்நாளும் எதிர்க்கட்சி எழுத்தாளராகவே இருந்தார் என்று நாம் சொல்ல வரவில்லை. 1710-லும் 1711-லும் டோரி அமைச்சரவையின் ஏடான எக்சாமினரை நடத்தியவர் அவரே. அமைச்சர்களோடு உணவு உண்டார். அவர்களுக்காகப் பேனா பிடித்தார். அதே அமைச்சரவை 1712-ல் செய்தித்தாள்களுக்கு முத்திரை வரி போட்டது. பல ஏடுகள் மூச்சடங்கின. அமைச்சரின் அருகில் இருக்கும் எழுத்தாளனுக்கு எவை கண்ணில் படும், எவை படாமல் போகும் என்பதை அவர் உள்ளிருந்தே அறிந்தவர். 1714-ல் அரசி இறந்தார்; டோரிகள் வீழ்ந்தனர்; விக் கட்சி வந்தது. ஸ்விப்ட் டப்ளினுக்குத் திரும்பினார். அவரைப் பெரியவராக்கிய காலம், பதவிக்காரர்களின் நட்பை அவர் இழந்த பிறகுதான் தொடங்கியது.

அன்றைய அயர்லாந்தின் நிலை என்ன? ஐரிஷ் கம்பளித் துணி கடல் கடந்து வெளிநாட்டுச் சந்தைக்குப் போகக் கூடாது என்று 1699-லேயே ஆங்கிலப் பாராளுமன்றம் சட்டம் செய்திருந்தது. அயர்லாந்துக்கெனச் சட்டமியற்றும் அதிகாரம் தனக்கு உண்டு என்று 1720-ல் லண்டன் இன்னொரு சட்டத்தால் முத்திரை குத்தியது. டப்ளினில் ஒரு பாராளுமன்றம் இருந்தது. கடிவாளம் லண்டனில் இருந்தது. நெய்தவன் வீட்டில் அடுப்பு எரியவில்லை.

அந்த ஆண்டே ஸ்விப்ட், உள்நாட்டுத் துணியையே உடுத்துங்கள் என்று பெயர் போடாமல் ஒரு துண்டு நூல் வெளியிட்டார். அதை அச்சிட்ட வாட்டர்ஸ் என்பவர் மீது வழக்குப் பாய்ந்தது. ஜூரர்கள் அவர் குற்றவாளி அல்லர் என்றனர். தலைமை நீதிபதி விட்ஷெட் அந்தத் தீர்ப்பை ஏற்க மறுத்தார். 9 முறை திருப்பி அனுப்பினார். 11 மணி நேரம் அவர்களை அலைக்கழித்தார். இந்த நீதிபதியின் குதிரை வண்டியில் விடுதலையையும் தாய்நாட்டையும் போற்றும் இலத்தீன் வாசகம் பொறித்திருந்தது என்பது சுவையான செய்தி. ஸ்விப்ட் அதைப் பற்றியும் பாட்டு எழுதிவிட்டார்!

பிறகு வந்தது காசு விவகாரம். அயர்லாந்துக்கெனச் செப்புக் காசு அடிக்கும் உரிமையை 1722-ல் வில்லியம் வுட் என்ற ஆங்கில இரும்பு வியாபாரிக்கு மன்னர் முதலாம் ஜார்ஜின் அரசு வழங்கியது. 14 ஆண்டுகளில் 360 டன் செம்பு. ஒரு லட்சம் பவுனுக்கு மேற்பட்ட காசு. இந்த உரிமை முதலில் மன்னரின் ஆசைநாயகியான கெண்டல் சீமாட்டியின் கைக்குப் போயிற்று; வுட் 10,000 பவுன் கொடுத்து அவரிடமிருந்து அதை வாங்கினார். அயர்லாந்துப் பாராளுமன்றத்தை ஒரு வார்த்தை கேட்கவில்லை. நாணயம் அடிக்கும் உரிமை இப்படி நாணயமற்ற வழியில் கைமாறியது.

1724-ல் டப்ளின் தெருக்களில் மலிவு விலையில் ஒரு கடிதம் விற்பனைக்கு வந்தது. எழுதியவர் ஒரு ஜவுளிக் கடைக்காரர் என்று போட்டிருந்தது. பேச்சும் கடைத்தெருப் பேச்சு. கணக்கும் கடைக்காரர் கணக்கு. இந்தக் காசு புழங்கினால், ஒரு பெரிய நிலக்கிழார் தம் அரையாண்டுக் குத்தகையை ஊருக்குக் கொண்டுவர 250 குதிரைகள் வேண்டும் என்று அவர் கணக்குப் போட்டுக் காட்டினார். படித்தவன் சிரித்தான், சிரித்தவன் சிந்தித்தான், சிந்தித்தவன் காசைக் கையால் தொட மறுத்தான். வியாபாரிகளும் சங்கங்களும் அந்தக் காசை வாங்குவதில்லை என்று அறிவித்தனர். அன்று நாணயச் சாலைத் தலைவராக இருந்த அறிஞர் ஐசக் நியூட்டன், சோதனைக்கு வந்த காசுகளின் செம்பு தரமானதே என்று சான்று தந்தார். கடைக்காரரின் கணக்கில் மிகைப்படுத்தல் இருந்தது உண்மைதான். ஆனால், எங்களைக் கேட்காமல் எங்கள் பையில் எதையும் திணிக்க நீ யார் என்ற கேள்விக்கு நியூட்டனின் தராசில் விடை இல்லை.

லண்டன் அரசின் விசாரணைக் குழு வுட்டுக்குச் சாதகமாக அறிக்கை தந்தது. அது லண்டன் ஜர்னல் என்ற ஏட்டின் வழியாக ஊருக்கு வந்தது. ஒரு காலத்தில் அரசைக் கடுமையாகத் தாக்கிய ஏடு அது. 1722-ல் முதலமைச்சர் வால்போலின் தரப்பு அதை விலைக்கு வாங்கிவிட்டது. இப்படிப்பட்ட தாளில் வந்ததை அரசின் அறிக்கை என்று எப்படி நம்புவது என்று ஜவுளிக் கடைக்காரர் தமது மூன்றாம் கடிதத்தில் அப்பாவியாகக் கேட்டார். ஒரே வீச்சில் அரசும் அடிபட்டது. அரசின் ஏடும் அடிபட்டது. வால்போலின் ஆட்சி 1742-ல் கவிழ்ந்ததும் பாராளுமன்றக் குழுவொன்று கணக்கைப் புரட்டியது. கடைசிப் பத்தாண்டுகளில் எழுத்தாளருக்கும் அச்சகத்தாருக்கும் 50,000 பவுனுக்கு மேல் பொதுப் பணம் கொட்டப்பட்டது அப்போது வெளியாயிற்று. டப்ளின் கடைக்காரரின் ஒற்றைத் தாளுக்கு எதிரே நின்ற முறை அதுதான்.

1724 அக்டோபரில் நான்காம் கடிதம் வந்தது. அது அயர்லாந்து மக்கள் அனைவருக்கும் எழுதப்பட்டது. காசு பின்னுக்குப் போயிற்று. மக்களின் ஒப்புதல் இல்லாமல் ஆளுவது அடிமைத்தனம் என்ற பேச்சு முன்னுக்கு வந்தது. அக்டோபர் 27-ல், எழுதியவரைக் காட்டினால் 300 பவுன் என்று அரசு பறையறைந்தது. எழுதியவர் யார் என்பது ஊருக்கெல்லாம் தெரியும்; புதிதாக வந்திருந்த ஆளுநர் கார்ட்டரெட்டுக்கும் தெரியும், அவர் ஸ்விப்டின் பழைய நண்பர். ஆனால் சாட்சி சொல்ல ஆள் வேண்டுமே! ஏழைகள் நிறைந்த ஊர். 300 பவுன் என்பது ஒரு குடும்பத்தின் தலைவிதியை மாற்றும் தொகை. ஒரு வாய் திறக்கவில்லை. சவுல் மன்னன் தன் மகன் யோனத்தானைக் கொல்ல முனைந்தபோது மக்கள் குறுக்கே நின்று காப்பாற்றிய பைபிள் பகுதி மட்டும் கைக்குக் கை மாறியது. எழுதியவரின் பெயரும் ஜோனதன் அல்லவா? ஊரார் தங்கள் விடையை அரசுக்கு இப்படிச் சொல்லிவிட்டனர்.

விட்ஷெட் மீண்டும் வந்தார். ஸ்விப்டின் இன்னொரு தாளின் மீது குற்றம் சாட்டும்படி ஜூரர்களைக் கேட்டார். அவர்கள் மறுத்தனர், அவர்களைக் கலைத்தார். அடுத்து வந்த ஜூரர்கள் வுட்டின் காசைப் பரப்புவோர் மீதே குற்றம் சாட்டி எழுதிக் கொடுத்தனர்! 1725-ல் அரசு பணிந்தது. வுட்டின் உரிமை திரும்பப் பெறப்பட்டது. அவருக்கு இழப்பீடாக ஆண்டுக்கு 3,000 பவுன் ஒதுக்கினார்கள். தோற்ற வியாபாரிக்குக் கூட அரசு குறை வைக்கவில்லை.

ஆனால் கடிதங்களை அச்சிட்ட ஜான் ஹார்டிங் சிறைப்பட்டார். வெற்றி கிட்டிய அதே 1725-ல் அவர் இறந்தார். அவருக்கு இழப்பீடு ஏது? ஸ்விப்டின் உருவத்தைக் கடைப் பலகைகளில் தீட்டி மகிழ்ந்த டப்ளினில், அச்சுக்கோத்த கைகளுக்குப் பலகை இல்லை. அவருடைய மனைவி சாரா ஹார்டிங் அச்சகத்தை மூடவில்லை. பஞ்சம் வாட்டிய 1729-ல், ஏழைகளின் குழந்தைகளைப் பணக்காரரின் உணவுக்கு விற்கலாம் என்று, பொருளாதார நிபுணரைப் போலக் கணக்கோடு எழுதி நாட்டையே நடுங்க வைத்த ஸ்விப்டின் நூலை அச்சிட்டவர் அந்த அம்மையாரே.

கலிவரின் கதை 1726-ல் வந்தது. கயிற்றின் மேல் ஆடிப் பதவி பெறும் குள்ள அமைச்சர்களில் வால்போலை லண்டன் அடையாளம் கண்டது. பறக்கும் தீவு ஒன்று, பணியாத ஊர்களின் மேல் இறங்கி நசுக்கும் கதையும் அதில் உண்டு. அந்தத் தீவை எதிர்த்து வென்ற ஒரு நகரத்தைப் பற்றிய பகுதியை அச்சிட அன்று எவரும் துணியவில்லை. 1899-ல்தான் அது நூலில் இடம் பெற்றது.

குறையும் சொல்லியாக வேண்டும். நிலவுரிமையும் பதவியும் மறுக்கப்பட்ட கத்தோலிக்க மக்களே அயர்லாந்தில் பெரும்பான்மையினர். அவர்களை ஒடுக்கிய சட்டங்களை நீக்கச் சொல்லி ஸ்விப்ட் போராடவில்லை. தம் மதப் பிரிவின் வேலியை அவர் தாண்டவில்லை. இறுதி ஆண்டுகளில் நினைவும் பேச்சும் குன்றி, 1745 அக்டோபர் 19-ல் மறைந்தார். தம் சொத்தை மனநோயாளிகளுக்கான மருத்துவமனை அமைக்க எழுதி வைத்துப் போனார்.

நையாண்டியை அடக்க ஆளவந்தார் கைக்கொள்ளும் வழிகள் இவர் வாழ்வில் வரிசையாக நிற்கின்றன. பரிசு கொடுத்துக் காட்டிக் கொடுக்கச் சொல்வர். ஏட்டை விலைக்கு வாங்குவர். எழுதியவர் சிக்காவிட்டால் அச்சிட்டவரைச் சிறையில் தள்ளுவர். ஊர் சிரித்ததால் மட்டும் அரசு பணிந்துவிடவில்லை. சிரித்தபின் காசைத் தொட மறுத்த வியாபாரியும், குற்றம் சாட்ட மறுத்த ஜூரர்களும், 300 பவுனைக் கண்டும் வாய் திறக்காத ஏழையும் சேர்ந்தே அதைப் பணிய வைத்தனர்.

நையாண்டியை ரசிப்பது எளிது. அதை எழுதியவனுக்கும் அச்சிட்டவனுக்கும் தொல்லை வரும்போது நாம் எங்கே நிற்கிறோம்? டப்ளின் மக்கள் தங்கள் விடையை 1724-லேயே சொல்லிவிட்டனர். இனி குழந்தைகளுக்குக் கலிவர் கதை சொல்லும்போது, குள்ளர்களோடு நிறுத்திவிடாமல் அந்த ஊரைப் பற்றியும் சொல்வோம்.